விசா கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை!

இங்கிலாந்தில் வீட்டுக்காரரும் விசா பார்க்கிறார்

திருச்சியில் இருந்து ஒரு வாலிபர் லண்டனுக்கு மேல்படிப்புப் படிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

தகப்பனார் நிலத்தின் பேரில் கடன் வாங்கினார். தாயார் நகைகளை அடகு வைத்தார். கல்லூரியில் இடம் கிடைத்தது. விசாவும் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். விமான நிலையம் வரை வந்து வழி அனுப்பினார்கள்.

லண்டன் விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். இரண்டொரு கேள்வி கேட்டார். "போகலாம்" என்று கை காட்டினார்.

"அப்பாடா! எல்லாம் முடிந்தது" என்று வாலிபர் நினைத்தார்.

முடியவில்லை. தொல்லை இனிமேல்தான் ஆரம்பம்.

பத்து நாள் கழிந்தது. ஊரில் இருந்து தாயார் பேசுகிறார்.

"ஏம்ப்பா, வீடு பாத்துட்டியா?"

"இன்னும் இல்லேம்மா. கூடப் படிக்கிற பையன் ரூம்லதான் படுத்துக்கறேன்."

"அதான் விசா குடுத்துட்டாங்களே! அப்புறம் வீடு குடுக்க என்னவாம்?"

தாயார் கேட்டாரே, அதுதான் கேள்வி! ஒரு நாட்டுக்குள் வர அந்த நாட்டு அரசாங்கமே அனுமதி கொடுத்துவிட்டது. பிறகு அந்த நாட்டில் தலை சாய்க்க ஓர் அறை கிடைப்பது ஏன் இத்தனை கஷ்டமாக இருக்கிறது?

பதில் இதுதான். இங்கிலாந்தின் எல்லை விமான நிலையத்தோடு முடிந்துவிடுவது இல்லை. அது ஒவ்வொரு வாடகை வீட்டின் வாசல்படி வரை வருகிறது. அந்த வாசல்படியில் காவல் நிற்பவர் போலீஸ்காரர் அல்ல. வீட்டுக்காரர்!

வீட்டுக்காரருக்கு ஏன் இந்த வேலை?

2014-ம் ஆண்டு பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு குடியேற்றச் சட்டம் நிறைவேற்றியது. வாடகைக்கு வருகிறவருக்கு அந்த நாட்டில் தங்க உரிமை இருக்கிறதா என்று வீட்டுக்காரர் பார்க்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. இதற்கு 'வாடகைக்கு இருக்கும் உரிமை'ச் சோதனை என்று பெயர்.

முதலில் 2014 டிசம்பரில், பர்மிங்காம் நகரிலும் அதை அடுத்த சில ஊர்களிலும் இதைச் செய்து பார்த்தார்கள். 2016 பிப்ரவரி 1-ந் தேதி முதல் இங்கிலாந்து முழுவதற்கும் கொண்டு வந்தார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். லண்டனில் இந்தச் சோதனை உண்டு. ரெயில் ஏறி ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோவுக்குப் போனால் இல்லை! வேல்சிலும் இல்லை, வட அயர்லாந்திலும் இல்லை. ஒரே அரசர், ஒரே பாஸ்போர்ட்டு, ஒரே விசா. ஆனால் வாடகை வீட்டு வாசலில் இரண்டு நியாயம்!

சோதனை செய்யாமல் வீடு கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? அபராதம்! 2024 பிப்ரவரி 13-ந் தேதி வரை, முதல் தடவை தவறுக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு வரை அபராதம். அன்று முதல் அது 10,000 பவுண்டு வரை என்று ஆகிவிட்டது. மறுபடியும் தவறு செய்தால் 20,000 பவுண்டு வரை. ஒரு பவுண்டு என்பது நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

உரிமை இல்லாதவர் என்று தெரிந்தே வீடு கொடுத்தால் ஜெயில் தண்டனையும் உண்டு. 5 ஆண்டு வரை தண்டிக்கலாம்.

அரசாங்கம் சொல்லும் காரணமும் உண்டு. "அனுமதி இல்லாமல் தங்கி இருப்பவர்களைச் சில பேராசைக்காரர்கள் இருட்டறையில் அடைத்துக் கொள்ளை வாடகை வாங்குகிறார்கள். வீடு கிடைக்காவிட்டால் சட்ட விரோதமாக வருகிறவர்கள் குறைவார்கள்" என்பது அந்த வாதம். தன் நாட்டுக்குள் யார் வரலாம் என்று தீர்மானிக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அந்த வேலையை யாரிடம் கொடுப்பது? விமான நிலைய அதிகாரி அதற்கென்று படித்தவர், சம்பளம் வாங்குகிறவர். வீட்டுக்காரர் யார்? ஒருவர் கடை வைத்திருப்பார். ஒருவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் ஓர் அறையை வாடகைக்கு விட்டுச் செலவைச் சரிக்கட்டுகிற விதவையும் இருப்பார். அவர்களுக்கு எத்தனை வகை விசா உண்டு என்று எப்படித் தெரியும்?

களையோடு பயிரும் போயிற்று

பயந்தவன் என்ன செய்வான்? வம்பே வேண்டாம் என்று ஒதுங்குவான்.

இரண்டு பேர் ஒரே அறைக்கு வருகிறார்கள். ஒருவரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டு இருக்கிறது. மற்றவர் நம் திருச்சி வாலிபர். இருவருக்கும் வீட்டில் குடியிருக்க உரிமை உண்டு. ஆனால் முதல் ஆளின் பாஸ்போர்ட்டை ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். இரண்டாவது ஆளின் விசாவைப் பார்க்க வேண்டும். அது முடிகிற தேதியைப் பார்க்க வேண்டும். பிறகு மறுபடியும் சோதனை செய்ய வேண்டும். கொஞ்சம் தவறினாலும் அபராதம்! வீட்டுக்காரர் யாருக்குச் சாவி கொடுப்பார்?

இது கற்பனை அல்ல. குடியேறியவர்களின் நலனுக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு 2017-ல் வீட்டுக்காரர்களிடம் விசாரித்தது. "இந்தச் சட்டம் வந்த பிறகு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டு இல்லாதவருக்கு வீடு கொடுக்க யோசிக்கிறோம்" என்று நூற்றுக்கு 42 பேர் சொன்னார்கள்.

விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2019 மார்ச் மாதம் லண்டன் ஐகோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. "இந்தத் திட்டம் காரணமாகவே வீட்டுக்காரர்கள் பாரபட்சம் காட்டுகிறார்கள். இது மனித உரிமைக்கு விரோதம்" என்பது தீர்ப்பு.

அரசாங்கம் அப்பீல் செய்தது. 2020 ஏப்ரலில் அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. பாரபட்சம் நடக்கிறது என்பதை அந்தக் கோர்ட்டும் மறுக்கவில்லை. "ஆனாலும் சட்டத்தின் நோக்கத்தைப் பார்க்கும்போது இது செல்லும்" என்று சொல்லிவிட்டது. ஆகவே சோதனை நீடிக்கிறது.

களை பிடுங்க ஆள் அனுப்பினார்கள். அந்த ஆள் பயந்து, களை எது பயிர் எது என்று பாராமல் இரண்டையும் பிடுங்குகிறார். சட்டப்படி வந்தவருக்கு வீடு கிடைக்காமல் போவது இப்படித்தான்.

அந்தக் காலத்தில் எப்படி?

"இதெல்லாம் புதுத் தொல்லை. பழைய நாளில் நிம்மதியாக இருந்தார்கள்" என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான்.

1948-ம் ஆண்டு ஜூன் மாதம், 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பல் லண்டனுக்கு அருகே டில்பரி துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ஜமைக்கா முதலிய மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து நூற்றுக்கணக்கானவர்கள் அதில் வந்து இறங்கினார்கள். யுத்தத்தில் இடிந்த நாட்டைக் கட்ட ஆள் தேவைப்பட்ட காலம் அது. காமன்வெல்த் நாட்டாரிடம் பிரிட்டன் அப்போது விசா கேட்கவில்லை. இந்தியரும் இலங்கையரும் கூட விசா இல்லாமல் போகலாம்.

கதவு திறந்திருந்தது. ஆனால் வீடு? வாடகைக்கு அறை உண்டு என்று எழுதிய சன்னல்களில், "கறுப்பர்களுக்கு இடம் இல்லை" என்று பகிரங்கமாக எழுதி வைத்தார்கள்! அதைத் தடுக்க அன்று சட்டம் இல்லை. வேறு வழி இல்லாத மக்கள் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில், இடிந்து விழும் வீடுகளில், ஓர் அறைக்குப் பலராக அடைந்து கிடந்தார்கள். அவர்களிடம் அதிக வாடகை கறந்த பீட்டர் ராக்மன் என்ற வீட்டுக்காரரின் பெயர், இங்கிலீஷ் அகராதியிலேயே ஏறிவிட்டது. வாடகைக் கொடுமைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்!

1965-ல் இனப் பாகுபாட்டைத் தடுக்க முதல் சட்டம் வந்தது. அதில் வீடு சேரவில்லை. 1968-ல் வந்த சட்டம்தான் வாடகை வீட்டையும் சேர்த்தது. சன்னல் அட்டைகள் மறைந்தன.

ஆனால் அதே காலத்தில் மறுபக்கம் கதவு சாத்தப்பட்டுக்கொண்டே வந்தது. 1962-ல் வந்த சட்டப்படி, வேலைக்கு வரும் காமன்வெல்த் மக்கள் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆயிற்று. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் உயிர் பிழைக்க லண்டனுக்கு ஓடி வந்தார்கள். 1985-ல் இலங்கையர் விசா வாங்க வேண்டும் என்று பிரிட்டன் உத்தரவு போட்டது. காமன்வெல்த் நாடுகளில் முதன்முதலாக இந்த உத்தரவு விழுந்தது இலங்கை மீதுதான். அடுத்த ஆண்டு, 1986-ல், இந்தியாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

அன்று விசா வேண்டாம். ஆனால் வீடு இல்லை. பிறகு வீட்டில் பாகுபாடு கூடாது என்றார்கள். ஆனால் விசா வந்தது. இன்று இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள்.

காகிதம் இல்லாததால் வந்த வினை

அந்தக் கயிறு யார் கழுத்தை நெரித்தது தெரியுமா? எந்தப் பாவமும் அறியாதவர்களை!

1950-களிலும் 1960-களிலும் மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து குழந்தைகளாக வந்தவர்கள் பலர். பள்ளிக்கூடம் போனார்கள், வேலை செய்தார்கள், வரி கட்டினார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். சட்டப்படி தங்க உரிமை பெற்றவர்கள். ஆனால் அதைக் காட்ட அவர்களிடம் காகிதம் இல்லை. அன்று யாரும் கொடுக்கவும் இல்லை. அவர்கள் வந்து இறங்கிய நாளைக் காட்டும் பழைய சீட்டுகளை 2010-ல் உள்துறை இலாகாவே அழித்துவிட்டது!

வீட்டுக்கும் வேலைக்கும் வைத்தியத்துக்கும் காகிதம் காட்டு என்று சட்டம் வந்ததும் இவர்கள் தவித்தார்கள். சிலர் வேலை இழந்தார்கள். சிலர் வீடு இழந்தார்கள். சிலரை நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள்! 2018-ல் இது வெளியே வந்து நாடே கொதித்தது. பிரதம மந்திரி தெரசா மே மன்னிப்புக் கேட்டார். உள்துறை மந்திரி ஆம்பர் ரட் ராஜிநாமா செய்தார்.

ஐம்பது ஆண்டு இருந்தவர்கள் கதியே இதுவென்றால், நேற்று வந்த வாலிபர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

கோழி முந்தியா, முட்டை முந்தியா?

நம் வாலிபரிடம் திரும்பி வருவோம். அவருக்கு விசா மட்டும் இருந்தால் போதாது. வீட்டுத் தரகர் வேறு சிலவும் கேட்கிறார்.

"சம்பளச் சீட்டு இருக்கிறதா?" மாணவர்; சம்பளம் ஏது?

"இதற்கு முன் எந்த வீட்டில் இருந்தீர்கள்? அந்த வீட்டுக்காரரிடம் நற்சான்று வாங்கி வாருங்கள்." முந்தாநாள்தான் வந்தார், முந்திய வீடு திருச்சியில் இருக்கிறது!

"பாங்கிக் கணக்கு?" பாங்கிக்குப் போனால், "உங்கள் வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சி?" என்கிறார்கள். வீடு இருந்தால்தான் பாங்கிக் கணக்கு. பாங்கிக் கணக்கு இருந்தால்தான் வீடு!

"சரி, ஜாமீன்தாரர்?" இந்த நாட்டிலேயே குடியிருப்பவராக, கை நிறையச் சம்பளம் வாங்குகிறவராக ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். திருச்சித் தகப்பனாரின் கையெழுத்து அங்கே செல்லாது.

இந்த வட்டத்தை உடைக்கப் பலர் ஒரு வழி வைத்திருந்தார்கள். "ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறேன்" என்பார்கள். பணத்தைக் கண்டால் வீட்டுக்காரருக்குத் தைரியம் வரும். ஊரில் தகப்பனார் இன்னும் கொஞ்சம் கடன் வாங்குவார்.

இப்போது அதிலும் மாறுதல். 2025 அக்டோபர் 27-ந் தேதி, வாடகைக்காரர் உரிமைச் சட்டம் அரசரின் ஒப்புதலைப் பெற்றது. குடியேறும் முன் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டி வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. காரணம் காட்டாமல் காலி செய்யச் சொல்வதையும் அது ஒழிக்கிறது. இவை தொடங்க 2026 மே 1-ந் தேதி என்று அரசாங்கம் நாள் குறித்தது.

நல்ல சட்டம்தான். மொத்தப் பணத்தைக் கொட்ட வேண்டிய கஷ்டம் இல்லை. ஆனால் கத்திக்கு இரண்டு பக்கமும் கூர்மை. சம்பளச் சீட்டும் நற்சான்றும் இல்லாத அயல்நாட்டாரிடம் இருந்த ஒரே துருப்புச் சீட்டு அந்த முன்பணம். அது போய்விட்டால் எல்லாம் ஜாமீன்தாரர் கையில்தான். ஜாமீன் நிற்க ஆள் இல்லாதவர், கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் கம்பெனிகளைத் தேடி ஓட வேண்டும்.

பத்துக்குப் பத்து அறையில் எத்தனை பேர்?

விசாவுக்குப் பணம் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. லண்டனில் படிக்கப் போகும் மாணவர் மாதம் 1,483 பவுண்டு வீதம், 9 மாதத்துக்குச் செலவுப் பணம் காட்ட வேண்டும் என்பது 2025 தொடக்கத்தில் இருந்த விதி. அது 13,347 பவுண்டு. நம் பணத்தில் 13 லட்சத்துக்கு மேல்! அந்தப் பணம் 28 நாள் தொடர்ந்து பாங்கியில் இருக்க வேண்டும். இந்தத் தொகையை அவ்வப்போது உயர்த்துகிறார்கள். இதைத் தவிர விசாக் கட்டணம். வைத்தியத்துக்கென்று ஆண்டுக்கு 776 பவுண்டு. கல்லூரிச் சம்பளம் வேறு.

அதே 2025-ல் லண்டனில் ஒரு வீட்டின் சராசரி மாத வாடகை என்ன தெரியுமா? 2,200 பவுண்டுக்கு மேல்! சாப்பாடு, துணி, பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து அரசாங்கம் போட்ட கணக்கு 1,483. வாடகை மட்டும் 2,200. ஆகவே தனி வீடு என்பது மாணவருக்குக் கனவு. பல பேர் சேர்ந்து ஒரு வீட்டில் ஆளுக்கோர் அறை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

இங்கேதான் மோசக்காரர்கள் நுழைகிறார்கள். "காகிதம் ஒன்றும் வேண்டாம். ரொக்கம் கொடு. வந்து படுத்துக்கொள்" என்பார்கள். ஓர் அறையில் நாலு கட்டில், ஐந்து கட்டில். ஒப்பந்தம் இல்லை. ரசீது இல்லை. நினைத்த நாளில் வெளியே போ என்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒரே குடும்பத்தைச் சேராத 5 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து வாழும் வீட்டுக்கு நகரசபையின் லைசென்சு வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. இருவர் தூங்கும் அறை 10.22 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. 10.22 சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் சுமார் 110 சதுர அடி. பத்துக்குப் பத்து அறையைவிடச் சற்றுப் பெரியது. அதில் இரண்டு பேர்தான்!

ஆனால் புகார் செய்ய யார் துணிவார்? "விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமோ?" என்ற பயம். மோசக்காரர்களுக்கு அந்தப் பயமே மூலதனம். இருட்டறைக் கொள்ளையைத் தடுக்கத்தான் சட்டம் என்றார்கள். அந்தச் சட்டத்துக்குப் பயந்தே சிலர் இருட்டறைக்குப் போய்ச் சேருகிறார்கள்!

கையில் அட்டை இல்லை; கம்ப்யூட்டரில் விசா

முன்பு அயல்நாட்டாருக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். கைரேகையும் படமும் பதிந்த அட்டை. சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். 2024-ம் ஆண்டோடு அந்த அட்டைகளின் காலம் முடிந்தது. இப்போது விசா கம்ப்யூட்டரில் இருக்கிறது. இ-விசா என்று பெயர்.

வீடு கேட்கிறவர் இன்டர்நெட்டில் தன் கணக்கைத் திறந்து 'ஷேர் கோடு' என்ற குறியீடு ஒன்றை எடுக்க வேண்டும். எழுத்தும் எண்ணுமாக 9 இருக்கும். அதையும் தன் பிறந்த தேதியையும் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் அரசாங்கப் பக்கத்தில் அதைப் போட்டால் ஆளின் படமும் உரிமையும் தெரியும். அந்தக் குறியீடு 90 நாள் செல்லும். இதற்குக் கட்டணம் கிடையாது. குறியீடு எடுக்கப் பணம் கொடு என்று யாராவது கேட்டால், ஏமாற்று என்று தெரிந்துகொள்ளுங்கள்.

விசா முடியப் போகிறது; புது விசாவுக்கு மனுப் போட்டாயிற்று; பதில் வரவில்லை. அப்போது? பழைய விசா முடியும் முன்பே மனுப் போட்டிருந்தால் உரிமை தொடரும். வீட்டுக்காரர் உள்துறை இலாகாவில் விசாரித்தால் இரண்டு வேலை நாளில் பதில் கிடைக்கும். ஒரு நாள் பிந்தி மனுப் போட்டால் விசாவும் போச்சு, வீடும் போச்சு! தேதியை மறப்பதுதான் பெரிய ஆபத்து.

நம் ஊரில் எப்படி?

"வெள்ளைக்காரன் இப்படிச் செய்கிறானே!" என்று ஆத்திரப்படும் முன்பு நம் வீட்டு வாசலையும் பார்ப்போம்.

சென்னையில் ஓர் அயல்நாட்டாரைத் தங்க வைத்தால் என்ன விதி? 24 மணி நேரத்துக்குள், 'சி' படிவம் மூலம் அயல்நாட்டினர் பதிவு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது நெடுநாள் ஏற்பாடு. ஓட்டல் மட்டும் அல்ல. வீட்டுக்காரருக்கும் இது உண்டு. 2025-ல் வந்த புதிய குடியேற்றச் சட்டத்திலும் இடம் கொடுப்பவரின் கடமை தொடர்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நம் ஊர் வீட்டுக்காரர் தகவல் சொன்னால் போதும். முடிவு செய்வது அதிகாரி. இங்கிலாந்தில் வீட்டுக்காரரே முடிவு செய்ய வேண்டும். தவறினால் அவரே அபராதம் கட்ட வேண்டும். பயம் பிறப்பது அந்த இடத்தில்தான்.

அங்கே நமக்குப் பாடமும் உண்டு. இங்கிலாந்தில் 2019 ஜூன் 1-ந் தேதி முதல், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீட்டுக்கு 5 வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. நம் தமிழ்நாட்டிலும் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் 3 மாத வாடகையை அளவாக வைத்தது. ஆனாலும் பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்கும் பழக்கம் சென்னையை விட்டு முழுவதும் போகவில்லை! "எந்த ஊர்? என்ன சாப்பாடு? என்ன ஜாதி?" என்று கேட்டு வீடு மறுப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சன்னலில் அட்டை தொங்கவில்லை, அவ்வளவுதான்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

பிள்ளையைச் சீமைக்கு அனுப்பும் குடும்பங்கள் சில விஷயங்களை மனதில் வைப்பது நல்லது.

முதலாவது, புறப்படும் முன்பே கல்லூரி விடுதியில் இடம் கேளுங்கள். வாடகை கொஞ்சம் அதிகமாக இருக்கலாம். ஆனால் கல்லூரி நடத்தும் விடுதிக்கு இந்தச் சோதனைத் தொல்லை இல்லை. விலாசம் கிடைத்துவிட்டால் பாங்கிக் கணக்கு சுலபம். மாணவர் என்று கல்லூரி தரும் கடிதத்தை ஏற்றுக் கணக்குத் தொடங்கும் பாங்கிகளும் உண்டு.

இரண்டாவது, படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். வீட்டை நேரில் பாருங்கள். அல்லது நம்பிக்கையானவர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். "நான் வெளியூரில் இருக்கிறேன். பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவன் வீட்டுக்காரன் அல்ல, திருடன்.

மூன்றாவது, முன்பணக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். மாதம் 800 பவுண்டு வாடகை என்றால் 5 வார முன்பணம் சுமார் 923 பவுண்டு. முதல் மாத வாடகையோடு சேர்த்து 1,723 பவுண்டு. அறையை வேறு யாருக்கும் விடாமல் நிறுத்தி வைக்க ஒரு வார வாடகை வரை கேட்கலாம். அதற்கு மேல் 'தரகுக் கூலி', 'விசாரணைக் கட்டணம்' என்று எதுவும் வாங்கக் கூடாது.

நான்காவது, முன்பணம் வீட்டுக்காரர் பையில் இருக்கக் கூடாது. அரசாங்க ஒப்புதல் பெற்ற பாதுகாப்புத் திட்டத்தில் 30 நாளுக்குள் அவர் அதைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம். முன்பணத்தைப் போல் மூன்று மடங்கு வரை கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவு போடலாம்.

ஐந்தாவது, ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். குடிபோகும் நாளில் சுவர், கதவு, கட்டில் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது "இதை நீ உடைத்தாய்" என்று பழி வராது.

ஆறாவது, விசா முடியும் தேதியை ஊரில் உள்ள வீட்டுக் காலண்டரிலும் குறித்து வையுங்கள். பிள்ளை மறந்தாலும் தாயார் மறக்க மாட்டார்.

ஏழாவது, விசா இருந்தும் இன்ன நாட்டுக்காரர் என்பதற்காகவே வீடு மறுத்தால் அது சட்ட விரோதம். 2010-ம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நகரசபையிலும் கல்லூரி மாணவர் சங்கத்திலும் யோசனை கேட்கலாம்.

சாவி யார் கையில்?

லண்டனில் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் பக்கம் போனால் தமிழ்க் கடைகளைப் பார்க்கலாம். கடைக் கண்ணாடியில் தமிழில் எழுதிய காகிதங்கள் ஒட்டி இருக்கும். "அறை வாடகைக்கு உண்டு" என்று சில காகிதங்கள் சொல்லும். ஒரு காலத்தில் வீடு இல்லாமல் அலைந்தவர்களும் இன்று அங்கே வீட்டுக்காரர்களாக இருக்கிறார்கள். அவர்களும் சட்டப்படி ஷேர் கோடு கேட்கத்தான் வேண்டும்.

அவர்கள் சட்டத்தை மீற வேண்டாம். ஆனால் ஒன்று செய்யலாம். "உன் விசா எனக்குப் புரியவில்லை, போ" என்று கதவைச் சாத்தாமல், "உட்கார் தம்பி, அந்தக் குறியீட்டைச் சேர்ந்தே பார்ப்போம்" என்று சொல்லலாம். அதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவழிக்க மனம் இல்லாததால்தான் எத்தனையோ பிள்ளைகள் அடுத்தவர் அறையில் தரையில் படுத்துக் கிடக்கிறார்கள்.

அரசாங்கம் விசா கொடுக்கும். வீட்டுச் சாவி மனிதன் கையில் இருக்கிறது. அந்த மனிதனைப் பயமுறுத்தும் சட்டம், விசாவுக்கும் மதிப்பில்லாமல் செய்துவிடுகிறது.

திருச்சித் தாயார் மறுபடியும் போன் பேசுவார். "வீடு கிடைச்சுதாப்பா?" என்று கேட்பார். "கிடைச்சுதும்மா" என்ற பதில் வரும்வரை அவருக்குத் தூக்கம் இல்லை!